சிங்கப்பூரில் வன்மர இறக்குமதி

சிங்கப்பூரில் வன்மர இறக்குமதி என்பது, அகன்ற இலை மரங்களிலிருந்து பெறப்படும் மரத்தடி, அறுத்த மரம், ஒட்டுப்பலகை முதலியவற்றைத் தீவு நாடான சிங்கப்பூர் பிற நாடுகளிலிருந்து தருவிப்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இந்நாட்டில் வணிக நோக்கில் வெட்டத்தக்க காடு இல்லை. எனவே கட்டடம், தளவாடம், படகுத்துறை ஆகியவற்றுக்குத் தேவையான மரம் அனைத்தும் வெளியிலிருந்தே வருகிறது. இவ்வாறு வரும் மரத்தில் ஒரு பகுதி உள்நாட்டில் பயன்படுகிறது. மற்றொரு பகுதி அறுக்கப்பட்டோ தரம் பிரிக்கப்பட்டோ வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதியாகிறது.

இவ்வணிகத்தின் போக்கை முதன்மையாகத் தீர்மானித்தது அண்டை நாடுகளின் வனக் கொள்கையே ஆகும். மலேசியாவும் இந்தோனேசியாவும் மரத்தடி ஏற்றுமதியைப் படிப்படியாகத் தடைசெய்தபோது, சிங்கப்பூருக்கு வரும் மரத்தின் அளவு மட்டுமன்றி அதன் வடிவமும் மாறியது. தடிகளுக்குப் பதிலாக அறுத்த மரமும், அதன் பின்னர் முடிவுற்ற பொருட்களும் வரத்தொடங்கின. மறு ஏற்றுமதி மையமாக விளங்குவதால், ஒரு மரம் எங்கே வெட்டப்பட்டது என்பதும், அது சிங்கப்பூருக்கு "இறக்குமதி" ஆனதா அல்லது வழியில் தங்கியதா என்பதும் சட்டச் சிக்கல்களாக உருவெடுத்தன.

சொல் விளக்கமும் அளவைகளும்

வன்மரம் என்பது தாவரவியல் அடிப்படையில் அமைந்த வகைப்பாடு ஆகும். பூக்கும் தாவரங்களைச் சேர்ந்த அகன்ற இலை மரங்கள் வன்மரங்கள் எனவும், பைன், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்கள் மென்மரங்கள் எனவும் அழைக்கப்படுகின்றன. பெயருக்கு மாறாக எல்லா வன்மரங்களும் கடினமானவை அல்ல. மலேசிய வகைப்பாட்டின்படி வன்மரங்கள் அடர்த்தியையும் இயற்கையான நிலைப்புத் தன்மையையும் கொண்டு கனமான வன்மரம், நடுத்தர வன்மரம், இலேசான வன்மரம் எனப் பிரிக்கப்படுகின்றன. கனமான வன்மரங்களின் அடர்த்தி கன மீட்டருக்கு 800 கிலோகிராமுக்கு மேலாகவும், இலேசான வன்மரங்களின் அடர்த்தி 400 முதல் 720 கிலோகிராம் வரையும் இருக்கும்.

மலாயா, சிங்கப்பூர் மர வணிகத்தில் நெடுங்காலம் வழக்கிலிருந்த அளவை "மர டன்" ஆகும். இது எடையைக் குறிப்பதன்று; 50 கன அடி, அதாவது ஏறத்தாழ 1.416 கன மீட்டர் கொள்ளளவைக் குறிக்கும். உருண்டைத் தடிகளுக்கு "ஒப்பசு டன்" என்னும் வேறோர் அளவை பயன்பட்டது. இது ஏறத்தாழ 1.8 கன மீட்டருக்குச் சமம். பழைய வணிகக் குறிப்புகளை ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் மரத்தடிகள் 4403, அறுத்த மரம் 4407, ஒட்டுப்பலகை 4412 ஆகிய தலைப்புகளின் கீழ் பதிவாகின்றன.

வரலாறு

தீவின் காடுகள்

1819 இல் பிரித்தானியர் வருகை தந்தபோது சிங்கப்பூர்த் தீவின் பெரும்பகுதி மழைக்காடாகவும் அலையாத்திக் காடாகவும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. கம்பீர் இலைகளைக் கொதிக்கவைத்துச் சாறெடுக்கப் பெருமளவு விறகு தேவைப்பட்டமையால், தோட்ட நிலத்துடன் சுற்றியிருந்த காடும் சேர்ந்து அழிந்தது. நிலத்தின் வளம் குன்றியதும் தோட்டக்காரர்கள் ஜொகூருக்கு நகர்ந்தனர்.

1883 இல் நத்தானியேல் கான்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அளித்த அறிக்கையைத் தொடர்ந்து ஒதுக்கக் காடுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றான புக்கிட் தீமா இன்று ஏறத்தாழ 1.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இயற்கைக் காப்பகமாக எஞ்சியுள்ளது. அங்குள்ள மரங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன.

ஆற்றங்கரை ஆலைகள்

குடியேற்றம் வளர்ந்தபோது கடைவீடுகளின் விட்டங்கள், தளப்பலகைகள், படகுகள், துறைமுக மேடைகள் ஆகியவற்றுக்கு மலாய்த் தீபகற்பம், சுமத்திரா, ரியாவுத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து மரம் தருவிக்கப்பட்டது. காலாங் ஆற்றின் கழிமுகப் பகுதியில் மர அறுவை ஆலைகள் தோன்றின. தடிகளை நீர்வழியே கொண்டுவந்து கரையோரத்திலேயே அறுக்க இயன்றமை இவ்விடத்தின் சிறப்பாகும். மென்மையான மண்ணில் கட்டடங்களுக்கு அடித்தளமாக இறக்கப்பட்ட "பாக்காவ்" எனப்படும் அலையாத்திக் கம்புகளும் அண்டைத் தீவுகளிலிருந்து வந்தன.

தொழில்மயக் காலம்

1960 களில் காலாங் வடிநிலப் பகுதி மீட்டெடுக்கப்பட்டு நகர வளர்ச்சிக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒதுக்கப்பட்டது. அங்கிருந்த மர ஆலைகள் வடக்கே சுங்கை காடுட், கிராஞ்சிப் பகுதிகளுக்கு இடம் மாறின. சதுப்பு நிலத்தில் உருவாக்கப்பட்ட சுங்கை காடுட் தொழிற்பேட்டை நாட்டின் மர, தளவாடத் தொழிலின் மையமானது. மலேசியாவிலிருந்து ஜொகூர்க் கடற்பாலம் வழியாகச் சரக்குந்துகளில் வரும் மரத்துக்கு இவ்விடம் அண்மையில் அமைந்திருந்தது.

1960 களிலும் 1970 களிலும் சிங்கப்பூர் தடிகளை இறக்குமதி செய்து, அறுத்த மரமாகவும் ஒட்டுப்பலகையாகவும் மாற்றி ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்தது. காடில்லாத தீவு மரப்பொருள் ஏற்றுமதி நாடாக விளங்கியமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, அண்டை நாடுகளிலிருந்து கிடைத்த மலிவான தடிகள். இரண்டாவது, துறைமுக வசதி. மூன்றாவது, அக்காலத்தில் கிடைத்த குறைந்த கூலி உழைப்பு. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் 1980 களில் மறைந்தன.

அண்டை நாடுகளின் ஏற்றுமதித் தடைகள்

மரத்தடியாக ஏற்றுமதி செய்தால் அதனை அறுக்கும் தொழிலும் அதனால் விளையும் வருமானமும் வெளிநாட்டுக்குச் சென்றுவிடும் என அண்டை நாடுகள் கருதின. காடழிவு பற்றிய கவலையும் பின்னர் இதனுடன் சேர்ந்தது. முக்கியமான தடைகளும் கட்டுப்பாடுகளும் வருமாறு:

1972 – தீபகற்ப மலேசியா பத்து வகை மரங்களின் தடி ஏற்றுமதியைத் தடைசெய்யத் தொடங்கியது.
1980 – இந்தோனேசியா தடி ஏற்றுமதியைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது.
1985 – தீபகற்ப மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தடி ஏற்றுமதி முழுமையாகத் தடைசெய்யப்பட்டது.
1990 – தீபகற்ப மலேசியா சிலவகை அறுத்த மரங்களின் ஏற்றுமதிக்குத் தீர்வை விதித்தது.
1993 – சபா மாநிலம் தடி ஏற்றுமதியைத் தடைசெய்தது. இத்தடை 1996 இல் தளர்த்தப்பட்டு, 2018 இல் மீண்டும் விதிக்கப்பட்டது.
1998 – ஆசிய நிதி நெருக்கடியின்போது பன்னாட்டு நாணய நிதியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தோனேசியா தடையை நீக்கி ஏற்றுமதி வரியை விதித்தது.
2001 – இந்தோனேசியா தடி ஏற்றுமதியை மீண்டும் தடைசெய்தது.
2002 – இந்தோனேசியத் தடிகளின் இறக்குமதியை மலேசியா தடைசெய்தது.
2004 – இந்தோனேசியா இழைக்கப்படாத அறுத்த மரத்தின் ஏற்றுமதியையும் தடைசெய்தது.
2014 – மியான்மர் ஏப்ரல் 1 முதல் தடி ஏற்றுமதியைத் தடைசெய்தது.
2016 – லாவோசு தடி, அறுத்த மரம் ஆகியவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்தது.

சரவாக் மாநிலம் முழுமையான தடையை விதிக்காமல், வெட்டப்படும் தடிகளில் ஒரு பங்கை உள்ளூர் ஆலைகளுக்கு ஒதுக்கும் முறையைக் கைக்கொண்டது.

இறக்குமதியின் வடிவ மாற்றம்

தடிகளின் வரத்துக் குறைந்ததும் சிங்கப்பூரின் ஒட்டுப்பலகை ஆலைகளும் பெரிய அறுவை ஆலைகளும் நலிவுற்றன. ஒட்டுப்பலகைத் தொழில் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விரைந்து வளர்ந்தது. இதனால் முன்னர் ஒட்டுப்பலகையை ஏற்றுமதி செய்த சிங்கப்பூர் அதனை இறக்குமதி செய்யும் நாடாக மாறியது.

எஞ்சிய மர நிறுவனங்கள் வேறு பணிகளுக்குத் திரும்பின. கரடாக அறுக்கப்பட்ட மரத்தை வாங்கிச் சூளையில் உலர்த்துதல், அழுத்த முறையில் பாதுகாப்பு மருந்தேற்றுதல், இழைத்து அளவுக்கு வெட்டுதல், தரம் பிரித்தல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சுமத்திராவிலிருந்து சிறு மரப்படகுகளில் வந்த அறுத்த மரமும் இவ்வாறு பதப்படுத்தப்பட்டு மறு ஏற்றுமதியானது. 2004 ஆம் ஆண்டின் இந்தோனேசியத் தடை இவ்வகை வணிகத்தையும் பெரிதும் பாதித்தது.

தளவாட உற்பத்தியாளர்களும் தம் ஆலைகளை ஜொகூர், சீனா, வியட்நாம் ஆகிய இடங்களுக்கு மாற்றினர். வடிவமைப்பு, விற்பனை, நிதி ஆகியவை சிங்கப்பூரில் தங்கின. இதன் விளைவாக, ஒரு நாற்காலியிலுள்ள வன்மரம் சிங்கப்பூர் நிறுவனத்தால் வாங்கப்பட்டிருந்தாலும் சிங்கப்பூர்க் கரையைத் தொடாமலேயே போகக்கூடும். மரக்கட்டைகளைக் கையாளாமல் ஆவணங்களை மட்டும் கையாளும் வணிக அலுவலகங்கள் பெருகின. இந்தியா வாங்கிய மியான்மர்த் தேக்கு, சரவாக் தடி ஆகியவற்றின் வணிகத்திலும் சிங்கப்பூரில் இயங்கிய இத்தகைய இடைநிலை வணிகர்களுக்குப் பங்கிருந்தது.

முக்கிய மர வகைகள்

செங்ஙால் – மலாய்த் தீபகற்பத்துக்குரிய கனமான வன்மரம். கரையான், பூஞ்சை ஆகியவற்றைத் தாங்கி நிற்கும். படகு, பாலம், வீட்டுத் தூண் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது.
பாலாவ் – கனமான வன்மரம். வெளிப்புறத் தளங்களுக்கும் நடைபாலங்களுக்கும் ஏற்றது.
கப்பூர் – நடுத்தர வன்மரம். இதன் ஓரினம் பழங்காலத்திலிருந்து கற்பூரத்துக்காக அறியப்பட்டது. பெயரும் கற்பூரம் என்னும் சொல்லோடு தொடர்புடையது.
கெருயிங், கெம்பாஸ் – கட்டுமானத்துக்கும் தளங்களுக்கும் பயன்படும் நடுத்தர வன்மரங்கள்.
மெராந்தி – பல இனங்களைக் கொண்ட வணிகப் பெயர். பெரும்பாலும் இலேசான வன்மரம். கதவு, சன்னல், ஒட்டுப்பலகை ஆகியவற்றுக்குப் பயன்படும்.
ராமின் – சதுப்புக் காடுகளில் வளரும் வெளிர்நிற மரம். படச்சட்டம், உருள்கட்டை, குழந்தைத் தொட்டில் ஆகியவற்றுக்குப் பயன்பட்டது.
தேக்கு – மியான்மரிலிருந்தும், சாவகத்தின் தோட்டங்களிலிருந்தும் வருவது. தளவாடம், படகுத் தளம் ஆகியவற்றுக்கு உகந்தது.
இரப்பர் மரம் – பால் வற்றிய தோட்ட மரங்களை வெட்டிப் பெறப்படுவது. 1980 களுக்குப் பின்னர் தளவாடத் தொழிலில் ராமின் போன்ற காட்டு மரங்களின் இடத்தைப் பிடித்தது.

இரப்பர் மரம் 1877 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளிலிருந்தே மலாயாவில் பரவியது என்பது குறிப்பிடத்தக்கது. இம்மரம் எளிதில் பூஞ்சையாலும் வண்டுகளாலும் தாக்கப்படும். வெட்டியவுடன் போரான் உப்புகளை அழுத்தத்தில் ஏற்றி உலர்த்தும் முறை பரவிய பின்னரே அது வணிக மரமானது.

உள்நாட்டுப் பயன்பாடு

1960 இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகள் கற்காரையால் ஆனவை. ஆயினும் கற்காரை வார்ப்பதற்கான அச்சுப்பலகைகள், கதவுகள், சிறு கட்டைகளை அடுக்கிப் பதிக்கும் மரத்தளம் ஆகியவற்றுக்கு வன்மரம் தேவைப்பட்டது. பின்னர் உலோக அச்சுகளும், தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த பாகங்களும், பீங்கான் ஓடுகளும், செயற்கைத் தளங்களும் வந்ததால் இத்தேவை குறைந்தது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த காலநிலையும், கட்டடங்களைத் தாக்கும் நிலத்தடிக் கரையான்களும் வெளிப்புறப் பயன்பாட்டில் நிலைப்புத் தன்மை மிக்க வன்மரங்களையே தேர்ந்தெடுக்கச் செய்தன. 2008 இல் திறக்கப்பட்ட எண்டர்சன் அலைகள் பாலத்தின் தளம் பாலாவ் மரத்தால் ஆனது. 274 மீட்டர் நீளமுள்ள இப்பாலம் நாட்டின் உயரமான நடைபாலங்களுள் ஒன்றாகும்.

புள்ளிவிவரச் சிக்கல்கள்

சிங்கப்பூரின் மர இறக்குமதியை அளவிடுவதில் சில இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, இந்தோனேசியாவுடனான வணிகம் பற்றியது. 1963 முதல் 1966 வரை நடந்த மலேசிய–இந்தோனேசிய மோதலின் காலந்தொட்டு 2003 வரை, இந்தோனேசியாவுடனான வணிகப் புள்ளிவிவரங்களைச் சிங்கப்பூர் வெளியிடவில்லை. மர வரத்து மிகுந்திருந்த பத்தாண்டுகள் இக்காலத்தில் அடங்கும். எனவே நாடு வாரியாகப் பார்க்கும் பட்டியல்களில் முக்கியமான மூல நாடொன்று நெடுங்காலம் காணப்படவில்லை.

இரண்டாவது, இறக்குமதிக் கணக்கில் மறு ஏற்றுமதிக்காக வந்த மரமும் சேர்கிறது. ஆகவே மொத்த இறக்குமதியை உள்நாட்டு நுகர்வாகக் கொள்ள இயலாது. மாறாக, நேரடிக் கப்பற் பட்டியலுடன் கப்பல் மாற்றத்துக்காக மட்டும் வரும் சரக்கு இக்கணக்கில் சேர்வதில்லை.

மூன்றாவது, ஏற்றுமதி நாடு பதிவு செய்யும் அளவும் இறக்குமதி நாடு பதிவு செய்யும் அளவும் ஒத்துப்போவதில்லை. அளவை வேறுபாடு, கால வேறுபாடு, வகைப்பாட்டு வேறுபாடு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். சட்டவிரோத வணிகமும் காரணமாகலாம். எண்களை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் கடினம்.

ராமினும் சைட்டீசு ஒப்பந்தமும்

அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 1986 இல் இணைந்தது. இதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1989 இல் இயற்றப்பட்டு, 2006 இல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டது. பட்டியலிட்ட இனங்களுக்கு மட்டுமே இச்சட்டம் பொருந்தும்.

சுமத்திரா, போர்னியோ ஆகியவற்றின் கரிச்சதுப்புக் காடுகளில் ராமின் பெருமளவில் திருட்டுத்தனமாக வெட்டப்பட்டதைத் தொடர்ந்து, 2001 இல் இந்தோனேசியா அம்மரத்தைச் சைட்டீசின் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. இப்பட்டியலின்படி இந்தோனேசிய ராமினுக்கு அந்நாட்டின் ஏற்றுமதி அனுமதி தேவை. பிற நாடுகளின் ராமினுக்கு மூலச் சான்றிதழ் போதுமானது. அறுத்த பலகையைப் பார்த்து அது எல்லையின் எப்பக்கத்தில் வெட்டப்பட்டது என அறிய இயலாது. இந்தோனேசிய ராமின் மலேசியா, சிங்கப்பூர் வழியாக வேறு மூலப் பெயருடன் உலகச் சந்தையை அடைவதாகச் சுற்றுச்சூழல் அமைப்புகள் குற்றஞ்சாட்டின.

2004 இல் பாங்காக்கில் நடைபெற்ற மாநாட்டில் ராமின் இரண்டாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இது 2005 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்பின் எந்த நாட்டு ராமினுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயமாயிற்று. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் ராமின் வணிகத்தைக் கண்காணிக்க முத்தரப்புச் செயற்குழு ஒன்றையும் அமைத்தன.

மடகாசுகர் ரோசுவுட் வழக்கு

2009 ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின்னர் மடகாசுகரின் தேசியப் பூங்காக்களில் ரோசுவுட் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. இவை தமிழ்நாட்டில் ஈட்டி எனப்படும் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்தவை. 2013 இல் மடகாசுகரின் ரோசுவுட் இனங்கள் சைட்டீசின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவற்றின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது.

2014 மார்ச்சு மாதம் சிங்கப்பூரின் ஜூரோங் துறைமுகத் தடையற்ற வணிக வட்டாரத்தில் 29,434 மடகாசுகர் ரோசுவுட் தடிகள் கைப்பற்றப்பட்டன. இவற்றின் எடை ஏறத்தாழ 3,235 டன்; மதிப்பு ஏறத்தாழ 5 கோடி அமெரிக்க டாலர். இது உலகில் கைப்பற்றப்பட்ட மிகப்பெரிய ரோசுவுட் தொகுதிகளுள் ஒன்றாகும். செல்லத்தக்க அனுமதியின்றி இறக்குமதி செய்ததாக ஒரு நிறுவனத்தின் மீதும் அதன் இயக்குநர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது.

மரத்தின் இனம் பற்றியதைக் காட்டிலும் "இறக்குமதி" என்னும் சொல்லின் பொருளே வழக்கின் மையமாக அமைந்தது. வேறொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லும் ஒரே நோக்கத்துடன் வந்து, அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் தங்கும் சரக்கு சட்டப்படி "வழிச்செல்லும்" சரக்கு ஆகும்; இறக்குமதி ஆகாது. கீழமை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2017 இல் உயர் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு, ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் சிங்கப்பூர் டாலர் தண்டமும், இயக்குநருக்கு மூன்று மாதச் சிறையும் விதித்தது. 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தடிகள் ஆங்காங்குக்கு வழிச்செல்லும் சரக்காகவே இருந்தன என்று கருதி அத்தீர்ப்பை நீக்கி இருவரையும் விடுவித்தது.

சைட்டீசு நடைமுறைப் பொறுப்பு 2019 ஏப்ரல் முதல் தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளது. 2022 இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன.

அண்மைக்காலப் போக்குகள்

வாங்கும் நாடுகளின் சட்டங்களும் 2008 முதல் சிங்கப்பூர் வணிகத்தைப் பாதித்துள்ளன. 2008 இல் திருத்தப்பட்ட அமெரிக்க லேசிச் சட்டமும், 2013 இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய மர ஒழுங்குமுறையும் சட்டவிரோதமாக வெட்டப்பட்ட மரத்தின் விற்பனையைத் தடைசெய்தன. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிவற்ற பொருட்கள் பற்றிய புதிய ஒழுங்குமுறையை ஏற்றது. அதன் நடைமுறை பின்னர் ஒத்திவைக்கப்பட்டது. இதன்படி மரம் வளர்ந்த நிலத்தின் அமைவிடத்தையே வணிகர் காட்ட வேண்டும். பல நாட்டு மரங்களைக் கலந்து தரம் பிரிக்கும் மறு ஏற்றுமதி மையத்துக்கு இது கடினமான நிபந்தனையாகும்.

2021 இல் மியான்மரில் நடந்த இராணுவப் புரட்சியைத் தொடர்ந்து அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது தடை விதித்தன. இதனால் மியான்மர்த் தேக்கின் வணிகம் மேலும் சிக்கலானது.

கட்டுமானத்தில் பொறியியல் முறையில் ஒட்டப்பட்ட பெருமர உறுப்புகளைச் சிங்கப்பூர் ஊக்குவித்து வருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2023 இல் திறக்கப்பட்ட கையா கட்டடம் 43,500 சதுர மீட்டர் தளப்பரப்புடையது. இதற்கான மரம் ஐரோப்பாவிலிருந்து வந்த மென்மரமாகும். மழைக்காடுகளின் விளிம்பில் அமைந்த ஒரு நாடு, தன் பெரிய மரக்கட்டடத்துக்கான மரத்தைத் தொலைவிலுள்ள மென்மரக் காடுகளிலிருந்து பெற்றமை, வன்மர இறக்குமதியின் இடம் மாறிவருவதைக் காட்டுகிறது.

மர, தளவாடத் தொழிலின் மையமாகிய சுங்கை காடுட் பகுதியைச் சுற்றுச்சூழல் தொழில் வட்டாரமாக மறுசீரமைக்கும் திட்டம் 2020 இல் அறிவிக்கப்பட்டது. வேளாண் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் ஆகியவற்றுடன் மர, தளவாடத் தொழிலும் அத்திட்டத்தில் இடம்பெறுகிறது.

இவற்றையும் பார்க்க

வன்மரம்
தேக்கு
இரப்பர் மரம்
புக்கிட் தீமா இயற்கைக் காப்பகம்
சைட்டீசு ஒப்பந்தம்
சிங்கப்பூரின் பொருளாதாரம்